எறங்கு பேராண்டி, நாய் கேக்குது

வா தம்பி, உக்காரு. சைக்கிள் என்ன விலைன்னு நான் கேக்கப்போறதில்ல. கேட்டா நீ சொல்லிருவ. அப்புறம் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. மெட்ராஸ்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் 700 கிலோமீட்டரை மிதிச்சே தீக்கணும்னு கெளம்பியிருக்க. பஸ்ஸு ஓடுது, ரயிலு ஓடுது, இருந்தும் இந்த வைராக்கியம். இருக்கட்டும். காலு உன்னுது, முட்டி உன்னுது, வலிச்சாத் தைலம் வாங்குற காசும் உன்னுது. ரோடு மட்டும் உன்னுது இல்ல. அதைச் சொல்லத்தான் உக்காரச் சொன்னேன்.

உன் பையைப் பார்த்தேன். பஞ்சரானா மாத்த ட்யூப் இருக்கு, காத்தடிக்கப் பம்பு இருக்கு, தண்ணியில கலக்குற உப்புப் பொட்டலம் இருக்கு. வெயிலுக்குக் கையில உறை, மூஞ்சிக்குக் களிம்பு. ஹேண்டில்பார்ல ஒரு பெட்டி. நீ என்ன வேகத்துல போறன்னு நிமிசத்துக்கு நிமிசம் உனக்கே சொல்லுது. எல்லாம் சரி, நாய்க்கு என்ன வச்சிருக்க? சிரிக்காத. சாத்தூர் தாண்டி அந்தப் பாலத்துக்கிட்ட நாலு வந்தப்போ நீ சிரிச்சிருக்க மாட்ட. வேர்வை இன்னும் காயல பாரு.

நான் தபால்காரன். ரிட்டயரான தபால்காரன். இந்தக் கரிசக்காட்டுல வண்டிப்பாதை, ஒத்தையடிப்பாதை ஒண்ணு விடாமப் பையை மாட்டிக்கிட்டு மிதிச்சவன். எந்த வீட்டுக்கு மாசாமாசம் மணியார்டர் வரும்னு எனக்குத் தெரியும். அதுக்கு முன்னால அந்த வீட்டு நாய் எந்த மூலையில படுத்திருக்கும்னு தெரியும். முன்னது தெரியலன்னா மேலதிகாரி வைவாரு. பின்னது தெரியலன்னா காக்கி கிழியும்.

இதுல ஒரு வேடிக்கை கேளு. 2005 சனவரியில தபால் துறையில நாய்க்குத் தபால்தலை போட்டாங்க. நாலு இனம். இமயமலை ஆட்டுநாய், ராம்பூர், முதோல், அப்புறம் நம்ம ராஜபாளையம். தபால்காரனுக்கும் நாய்க்கும் உலகம் பூரா ஆகாது, அது ஊரறிஞ்ச சேதி. ஆனா அந்தப் படத்தை ஒட்டுன கவரையும் நாங்கதான் சுமந்தோம். முத்திரை குத்துறப்போ கொஞ்சம் ஓங்கிக் குத்துனோம், அவ்வளவுதான் எங்களால முடிஞ்சது. அந்த ராஜபாளையத்தையும் குத்தம் சொல்ல முடியாது. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, காம்பவுண்டுச் செவத்துக்குள்ள ராசா கணக்கா வளருது. ரோட்டுக்கு வந்து உன்னை விரட்டுற அளவுக்கு அதுக்குக் கேடு வரல. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலுக்குப் பின்னால ஓடப் பொறந்தது. நீ போற வேகத்தைப் பார்த்துட்டு அது மறுபடி படுத்துரும். உன்னை விரட்டுனது தபால்தலையில ஏறாத நாட்டுநாய். பட்டம் இல்லாதவனுக்குத்தான் ரோசம் ஜாஸ்தி.

அது எதுக்கு விரட்டுது? உன் காலைப் பார்த்து நாக்குல எச்சி ஊறி வருதுன்னு நீ நெனைக்க. அந்தக் காலுல அப்படி ஒண்ணும் இல்ல தம்பி. எனக்கு ஒரு பீட்டு இருந்த மாதிரி நாய்க்கும் ஒரு பீட்டு இருக்கு. இந்த டீக்கடை பெஞ்சுல இருந்து அந்த டயர்க்கடை வரைக்கும் ஒருத்தன். அங்கன இருந்து பாலம் வரைக்கும் இன்னொருத்தன். தன் பீட்டுக்குள்ள அறிமுகம் இல்லாத ஒண்ணு வெரசா ஓடுனா விரட்டணும். எல்லை வந்ததும் நின்னுரணும். இதுதான் சட்டம். நீ என்ன நெனைக்க? நம்ம வேகத்துக்கு நாய் தோத்துப்போச்சுன்னு. ராத்திரி கூட்டாளிக்குப் போன் போட்டுச் சொல்லவும் செய்வ. அது தோக்கல, ட்யூட்டி முடிஞ்சு திரும்பியிருக்கு. நாட்டுநாய் கொஞ்ச தூரத்துக்கு மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல ஓடும். பையும் கூடாரமும் கட்டிக்கிட்டு நீ போறது 18-ஓ 20-ஓ. நான் சொல்ல வேண்டாம், உன் பெட்டியையே கேளு.

ஓடுறதை விரட்டுறது அதோட ரத்தத்துல உள்ளது. ஓட்டம் நின்னா விரட்டவும் சோலி இல்லாமப் போயிரும். அதனால என் புத்திமதி ஒரே சொல்லுதான்: எறங்கு.

பார்த்தியா, மூஞ்சி சுருங்குது. எறங்குனா சராசரி வேகம் கொறஞ்சிருமே! அதைப் பார்த்துக் கைதட்ட மெட்ராஸ்ல நாலு பேர் போனும் கையுமா முழிச்சிருக்காங்களே! தம்பி, நாய்க்கு உன் சராசரி தெரியாது. தெரிஞ்சா இன்னும் நல்லா விரட்டும், அதையாவது கூட்டிவிடுவோம்னு.

இன்னொரு சங்கதி. என் வண்டியோட செயின்கவர் சத்தம் தெரு முக்குல திரும்பும் முன்னாலயே கேக்கும். நாய் எந்திரிக்கும், சோம்பல் முறிக்கும், "தபாலுதானா"ன்னு மறுபடி படுக்கும். உன் வண்டியில சத்தம்னு ஒண்ணே கெடையாது. அரைத்தூக்கத்துல கெடக்கிற உசுருக்குப் பக்கத்துல திடீர்னு வந்து நின்னா எவனுக்கும் கோவம் வரும். நாயா இருந்தாக் காட்டும், மனுசனா இருந்தா மனசுக்குள்ள வைவான். அதனால ஒரு பெல்லை மாட்டு. ஊரு வந்தாத் தூரத்துலயே ரெண்டு அடி அடி. பெல்லு வச்சா கனம் கூடிரும்னு சொல்லுவ. தெரியும். பல்லு வெளக்குற பிரஷ்ஷையே பாதியா ஒடச்சுக் கொண்டுபோற கூட்டம் நீங்க.

நேரம் வேற பாத்துக்க. வெயிலுக்குப் பயந்து விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு மிதிக்க. நாய் மத்தியானம் பூரா லாரிக்கு அடியில சவம் கணக்காத் தூங்கிட்டு, உனக்குன்னே பொழுது சாஞ்சதுல இருந்து முழிச்சுக் கெடக்கு. பொழுது அடையுற நேரமும் பொழுது விடியுற நேரமும் அது ராச்சியம். இதுல பிரெவேன்னு ஒண்ணு இருக்காமே? 200 கிலோமீட்டரைப் பதிமூணரை மணி நேரத்துல முடிக்கணும், 600-ஐ 40 மணி நேரத்துல முடிக்கணும், ராத்திரியும் மிதிக்கணும். பந்தயம்னா அதுவும் இல்ல. முதல் ஆளு கடைசி ஆளுன்னு வரிசையே கெடையாதாம். ஆக, சம்பளம் இல்லாம ராத்திரி ட்யூட்டி பாக்குற சாதி ரெண்டுதான். ஒண்ணு நாய், இன்னொண்ணு நீங்க. ரெண்டும் பாலத்தடியில சந்திச்சா நான் யார் பக்கம் நிப்பேன்னு கேக்காத.

மூக்கைப் பொத்திக்கிட்டுப் போகாத, மோந்துக்கிட்டே போ. ஊருக்கு வெளிய கோழிக்கடைக் கழிவைக் கண்மாய்க் கரையிலயும் பாலத்துக்கு அடியிலயும் கொட்டி வச்சிருப்பான். அந்த வீச்சம் வந்தா அடுத்த வளைவுல கூட்டம் நிக்குதுன்னு அர்த்தம். ஒத்தை நாய் யோசிக்கும். கூட்டத்துல உள்ள நாய் யோசிக்கிறதை அடுத்த நாய்க்கு விட்டுரும். இது நாய்க்கு மட்டும் உள்ள கொணம் இல்ல, அதை நீ தேர்தல் நேரத்துல வந்தாப் பார்க்கலாம்.

மழை முடிஞ்சு பனி விழுற காலத்துலதான் உங்க கூட்டம் தெக்க வருது. குட்டி போட்ட நாயும் அப்பத்தான் ஜாஸ்தி. பாலு தொங்குற நாயைக் கண்டா ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒதுங்கிப் போ. அதுகிட்ட பேச்சுவார்த்தை கெடையாது. காது நுனியில வெட்டுக் கொடுத்த நாயா இருந்தா, குடும்பக்கட்டுப்பாடு பண்ணி, வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டு, பிடிச்ச எடத்துலயே திருப்பி விட்டதுன்னு அர்த்தம். 2023-ல வந்த விதியும் அதைத்தான் சொல்லுது. அதுக்காக அதைத் தடவிக் குடுக்கப் போயிராத. ஊசி நோய்க்குத்தான், பல்லுக்கு இல்ல.

அறுப்பு முடிஞ்ச காட்டுல ஆட்டுக்கிடை போட்டிருந்தா மட்டும் வெளையாட்டு வேண்டாம். தெருநாய்க்கு உன்னை விரட்டுறது பொழுதுபோக்கு. கிடைநாய்க்கு அது பொழப்பு. இருட்டுல ஆட்டுப்பக்கம் வர்றது நரியா, திருடனா, மெட்ராஸ்ல இருந்து வந்த இஞ்சினியரான்னு அது விசாரிக்காது. தூரத்துலயே எறங்கி, ஆட்டுக்காரரைக் "கீதாரி அண்ணாச்சி"ன்னு கூப்பிட்டுச் சத்தம் குடு. அவர் ஒரு அதட்டு அதட்டுவாரு, அது அடங்கிரும். உலகம் சுத்தி வந்த ஒரு வெள்ளைக்காரப் புள்ள இதே பெஞ்சுல உக்காந்து சொன்னுச்சு: துருக்கியில சிவாஸ் சீமையில காங்கல்னு ஒரு ஆட்டுநாயாம். கன்னுக்குட்டி ஒசரம். ஓநாய் கழுத்தைக் கவ்விராம இருக்க, கூரான ஆணி வச்ச இரும்புப் பட்டையைக் கழுத்துல மாட்டி விட்டிருப்பானாம். அதைக் கண்டா சைக்கிள்ல போறவங்க பேசாம எறங்கி நின்னு ஆட்டுக்காரனைத் தேடுவாங்களாம். அந்தப் புள்ள துருக்கி பூரா கடி வாங்காமக் கடந்திருக்கு. நீ எங்க சாத்தூரைக் கடக்கிறதுக்குள்ள இந்தப் பாடு படுத.

வெள்ளைக்காரனும் ஆதியிலயே இப்படிப் பக்குவமா இருந்தான்னு நெனைக்காத. என் பேத்தி போன்ல ஒண்ணு காட்டுனா. பிரான்சுல கலாண்டுன்னு ஒரு துப்பாக்கிக்காரன், நூறு வருசத்துக்கும் முந்தி, சைக்கிள்காரனுக்குன்னே ஒரு குட்டிக் கைத்துப்பாக்கி செஞ்சான். பேரே 'வெலோ-டாக்'. சட்டைப் பைக்குள்ள அடங்கும். விரட்டுற நாயை வண்டியில இருந்துக்கிட்டே சுடணுமாம். குண்டும் குழியுமான ரோடு, ஒத்தைக் கையில ஹேண்டில்பார், மறு கையில துப்பாக்கி, பின்னால நாய். இதுல அதிகமா ஆபத்து யாருக்குன்னு நீயே சொல்லு. அப்புறம் ஈயக்குண்டுக்குப் பதிலா மெழுகு, தக்கை, காரப்பொடி எல்லாம் அடைச்சு வித்திருக்கான். ஒரு பிடி மொளகாப்பொடிக்கு ஒரு துப்பாக்கி! எங்க ஊர்க் கெழவிக்கு இது தெரிஞ்சிருந்தா முந்தானையில முடிஞ்சு குடுத்திருப்பா.

கடியை விட விழுகிறதுதான் மோசம், அதை மனசுல வை. நாய் பல்லு பட்டா ஊசியோட போகும். நாலுவழிச்சாலையில நாய்க்குப் பயந்து வலப்பக்கம் ஒடிச்சா லாரி வந்துக்கிட்டிருக்கும். பெரிய பெரிய ஆளே விழுந்திருக்கான். 2007-ல டூர் டி பிரான்ஸ் பந்தயத்துல ஜெர்மன்காரன் மார்கஸ் பர்க்கார்ட் முன்னால ஒரு லாப்ரடார் நாய் நிதானமாக் குறுக்க வந்துச்சு. முட்டுனதுல முன்சக்கரம் கோணிப்போச்சு, ஆளு தூக்கி எறியப்பட்டான். நாய் எந்திரிச்சு அது பாட்டுக்குப் போயிருச்சு. அதே வருசம் அதே பந்தயத்துல இன்னொரு நாளு, பிரெஞ்சுக்காரன் சாண்டி காசர் நாய்ல மோதி விழுந்தான். சிராய்ப்போட எந்திரிச்சு மிதிச்சு அன்னைக்கு அவனே ஜெயிச்சான். நீ காசர் இல்ல. விழுந்தா ஆஸ்பத்திரி, எந்திரிச்சா இதே டீக்கடை.

சின்ன வயசுல நாங்க எல்லாரும் ஒரு வித்தை பண்ணுவோம். நாய் வந்தா ரெண்டு காலையும் தூக்கி ஹேண்டில்பார் மேல வச்சுக்கிறது. எறக்கமா இருந்தாச் சரி. சமதரையா இருந்தா வண்டி பைய நிக்கும், நாயும் பைய வந்து சேரும். உனக்கு அந்த வழியும் இல்ல. செருப்பைப் பெடலோட பூட்டு போட்டில்ல வச்சிருக்க. அதனால தூரத்துல நாயைக் கண்டதுமே மொதல் வேலையாக் காலைப் பெடல்ல இருந்து கழட்டு. கழட்டுனது உதைக்க இல்ல, ஊனுறதுக்கு. ஓட்டிக்கிட்டே எத்துனா வண்டி சாயும். சாஞ்சதுக்கு அப்புறம் நாய்க்கும் உனக்கும் ஒரே ஒசரம்.

எறங்குனதும் சைக்கிளை நாய்க்கும் உனக்கும் நடுவுல வச்சுக்க. அம்புட்டு ரூபா குடுத்து வாங்குனது ஒரு வேலியாவாவது ஒழைக்கட்டும். அது கண்ணை மொறைச்சுப் பாக்காத, முதுகையும் காட்டாத, ஓடாத. பைய நட. பத்துல எட்டு நாய் இங்கனயே குழம்பி நின்னுரும். சக்கரம் வச்ச பிராணின்னு நெனைச்சது ரெண்டு காலுல எறங்கி நடக்கவும், "அட, மனுசப்பயலா"ன்னு அதுக்கே சப்புன்னு ஆகிரும். மிச்சம் உள்ளதுக்குக் குரல் குடு. வாயைத் தொறந்து, அடிவயித்துல இருந்து, "ஏ... போ அங்கிட்டு!" முந்தி ஒரு தம்பி இங்கிலீசுல "கோ, கோ"ன்னான். நாய் விளையாட்டுக்குக் கூப்பிடுறான்னு நெனைச்சு இன்னும் நாலைக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. பேர் தெரியலன்னா "மணி"ன்னு கூப்பிடு. தமிழ்நாட்டு நாய்ல பாதிக்கு மணிதான் பேரு. மணியா இல்லாட்டாலும், இவன் உள்ளூர்க்காரன் போலன்னு ஒரு சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் போதும் நீ பத்து எட்டு தாண்ட. அதுக்கும் அடங்காததுக்குத் தண்ணிப் போத்தலை மூஞ்சிக்கு நேராப் பீச்சு.

கல்லெடுக்கிற மாதிரி குனிஞ்சாலே நம்ம ஊரு நாய் பின்வாங்கும், அது நெசம். கல்லு வேணும்னு இல்ல, இந்த நாலுவழிச்சாலையில எங்க தேடுனாலும் கெடைக்கவும் செய்யாது. ஆனா உன் விசயத்துல ஒரு சிக்கல் இருக்கு. வளைஞ்ச ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டு நீ காலையில இருந்து குனிஞ்சேதான் வார. "இந்தப் பய எத்தனை மைலாக் கல்லெடுக்கான்"னு நாயே பார்த்துக்கிட்டு இருக்கும். அதனால நீ நிமிந்து நின்னாத்தான் அது பயப்படும்.

பிஸ்கட் போடாத. அதாவது, உக்காந்து டீ குடிக்கிற எடத்துல போடு, புண்ணியம். கெளம்புற நேரத்துல போடாத. நீ போட்ட ஒத்தை பிஸ்கட்டுக்கு நன்றி பாராட்டி அது உன் பின்னாலயே வரும். ரெண்டு பீட்டு தள்ளி அங்க உள்ளவனுங்க அதைச் சூழ்ந்து கொதறும்போது நீ எட்டயபுரம் வெலக்குல போட்டோ எடுத்துக்கிட்டு இருப்ப. தருமருக்குப் பின்னால நாய் போச்சுன்னா அவர் அதை விட்டுட்டுச் சொர்க்கத்துக்குள்ளயே நொழையலன்னு சொன்னாரு. நீ ஓட்டல்ல ரூம் போடும்போது அப்படிச் சொல்லுவியா?

இவ்வளவும் செஞ்சும் கடிச்சிருச்சுன்னு வையி. இப்பச் சொல்லுறதுல சிரிப்பு இல்ல, நல்லாக் கேளு. குழாயைத் தொறந்து விட்டு, சோப்புப் போட்டு, கடிவாயைப் பதினஞ்சு நிமிசம் கழுவு. பதினஞ்சுன்னா பதினஞ்சு, உன் பெட்டியில நேரம் பார்த்துக்க, அதுக்காவது ஆகட்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மொளகாப்பொடி, நல்லெண்ணெய்னு குழம்பு வைக்கிற சாமான் எதையும் காயத்துல அப்பாத. எங்க ஆளுகளே கொண்டாந்து நீட்டுவாங்க, கும்பிட்டுட்டு மறுத்துரு. வெறிநோய் வந்து அறிகுறி தெரிஞ்சதுக்கு அப்புறம் காப்பாத்த மருந்து இல்ல. அது வர்றதுக்கு முன்னால தடுக்கத்தான் மருந்து இருக்கு. அந்த மருந்தை 1885-ல லூயி பாஸ்டர் ஒம்பது வயசுப் பையன் ஜோசப் மெய்ஸ்டருக்கு மொதமொதல்ல குடுத்தாரு. நம்ம பக்கத்துல 1907-லயே குன்னூர்ல பாஸ்டர் நிலையம் வந்திருச்சு. எங்க காலத்துல ஆட்டு மூளையில இருந்து எடுத்த மருந்து. தொப்புளைச் சுத்தி 14 ஊசி வரைக்கும் போடுவாங்க. அந்த ஊசியை நெனைச்சே நாங்க நாய்க்கு மரியாதை குடுத்தோம். இப்ப அது கெடையாது. கையில போடுற சின்ன ஊசி, அரசாங்க ஆஸ்பத்திரியில காசு வாங்குறதில்ல.

மொத ஊசி போடுற நாளைப் பூச்சியம்னு வச்சுக்க. அதுல இருந்து 3-வது நாள், 7-வது நாள், 28-வது நாள். அரசாங்க ஆஸ்பத்திரிக் கணக்குல மொத்தம் நாலு தடவை. ஆழமாப் பல்லு எறங்கி ரத்தம் வந்திருந்தா காயத்தைச் சுத்திப் போடுற இம்யூனோகுளோபுலின்னு தனி மருந்து ஒண்ணும் வேணும். அது ஆரம்ப சுகாதார நிலையத்துல இல்லைன்னா பெரியாஸ்பத்திரிக்குப் போயிரணும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு மிதிக்கக் கூடாது. மொத ஊசி கோவில்பட்டியில, ரெண்டாவது நாகர்கோவில்ல, மூணாவது மெட்ராஸ்லன்னு போட்டுக்கலாம், சீட்டை மட்டும் தொலைக்காத. வீட்டுக்குப் போயி, படம் எல்லாம் போட்டு, எல்லாரும் பாராட்டி, காயமும் ஆறிப்போன பெறகு வருது பாரு அந்த 28-வது நாள், அதைத்தான் உங்க ஆளுக பூராம் விட்டுருதாங்க. அதையும் போட்டுரு.